எட்டு அடிகளை வைத்து யாப்பு சொல்லிக்கொடுத்த வகுப்பு

யாப்பு (செய்யுள் இலக்கணம்) வகுப்பு என்றாலே நேர் (ஓர் உயிரொலி உள்ள அசை), நிரை (குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி உள்ள அசை) வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். இந்த ஜூம் வகுப்பில் அப்படி இல்லை. முதல் அமர்வு முழுக்க குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் சொல்கிற பாட்டின் எட்டு அடிகள்தான். ஆசிரியை முதலில் தாளம் போட்டுப் பாட வைத்தார், பேனாவையே எடுக்க விடவில்லை. அப்புறம்தான் அடியைச் சீர்களாக, அதாவது அசைகள் சேர்ந்த துண்டுகளாகப் பிரித்தோம்.

‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்’: கூவிளங்காய் (நேர் நிரை நேர்), கருவிளங்காய் (நிரை நிரை நேர்), கூவிளங்காய், தேமா (நேர் நேர்). அடுத்து ‘மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்’. சீருக்குச் சீர் அதே அமைப்பு! மந்தியும் கனியும் திரும்ப வருகின்றன. முதலடியில் வா, ம என்று வந்த மோனை (முதலெழுத்து ஒன்றி வருவது; வகரமும் மகரமும் மோனைக்கு ஒத்த இன எழுத்துகள்) இரண்டாமடியில் ம, வா என்று திரும்பி நிற்கிறது, குரங்குகளிடையே பழம் கைமாறுவது போலவே எழுத்தும் இடம் மாறுகிறது. பள்ளியில் எத்தனையோ முறை ஒப்பித்த பாட்டு, இதை யாரும் காட்டியதே இல்லை.

எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) எளிது: வானரங்கள், கானவர்கள், தேனருவி, கூனலிளம். ஆனால் அந்த ஒவ்வோர் அடியும் தன் அடுத்த அடியோடு மோனையிலும் சேர்கிறது. தேனருவிக்குச் செங்கதிரோன் எப்படி மோனை என்று ஒருவர் கேட்க, தகரமும் சகரமும் இன எழுத்துகள் என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்’. அதுவரை காய்ச்சீர்களின் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்களின்) நடுவில் நிரையசையே ஓடி வந்தது, இங்கே இரண்டு சீரிலும் நடுவே ‘கா’ என்ற நெடில் நேரசை. அருவி வானத்து வழியில் ஒழுகி, சூரியனின் குதிரையும் தேரும் வழுக்குகிற அதே இடத்தில் நம் நாக்கும் இழுபடுகிறது. அப்புறம் கொஞ்சும் கெஞ்சும், அழைப்பார் விளைப்பார், ஒழுகும் வழுகும் என்று வந்த இயைபு (அடியின் இறுதி ஒலி ஒன்றுவது) கடைசி இரண்டடியில் நின்றுவிடுவதால்தான் ‘மலைஎங்கள் மலையே’ அவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு குறை. ‘வானின்வழி’ மட்டும் கனிச்சீராக (நிரையசையில் முடியும் மூவசைச் சீராக) வருவதைக் கேட்டபோது, பாடும்போது சரியாகிவிடும் என்று சொல்லிக் கடந்துவிட்டார்; அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். தளையும் (சீரோடு சீர் இணையும் முறையும்) அவசர அவசரமாகத்தான் போனது. மற்றபடி கொடுத்த காசுக்கு நிறைவு. வெண்பா எழுதிப் பழக நினைப்பவர்களுக்கு இது போதாது, பழைய பாட்டைக் காதால் ரசிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்.