தேயிலைக் காடா, ஊட்டி ஃபிளாட்டா, பழைய ஓட்டு வீடா? சித்தப்பா பாத்த மூணு இடம்

எங்க சித்தப்பா திருப்பூர் பனியன் கம்பெனில முப்பது வருஷம் கணக்கு பாத்து ரிட்டயர் ஆனவரு. போன மே மாசம் குன்னூருக்கு எங்க வீட்டுக்கு வந்தவரு நாலாவது நாளே "ஏங்கண்ணு, இங்கயே ஒரு வீடு பாத்துப் போட்டுரலாமா"ன்னு ஆரம்பிச்சிட்டாரு. மேல வர்றவங்க பாதிப் பேருக்கு நாலாவது நாள்தான் இந்த ஆசை வரும். புரோக்கர்கூட ஒரு வாரம் சுத்திட்டு மூணு இடத்தக் கொண்டு வந்து எம்முன்னாடி வச்சாரு: கோத்தகிரி அரவேணு பக்கம் 20 சென்ட் தேயிலைக் காடு, ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் ரெண்டு பெட்ரூம் புது ஃபிளாட், குன்னூர் பெட்ஃபோர்டுக்குக் கீழ அஞ்சு சென்ட்ல ஒரு பழைய ஓட்டு வீடு. மூணும் ரேட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் குழப்பமே. அவர் மனசு முழுக்க அந்தக் காட்டுல இருந்துச்சு, என்னோட ஓட்டு ஓட்டு வீட்டுக்கு.

முதல்ல காட்டுக்கே வர்றேன், ஏன்னா வெளியூர்க்காரங்க ஏமாறுறது அதுலதான். காலைல எட்டு மணிக்குப் போனோம், மஞ்சு விலகி கீழ சமவெளி வரைக்கும் தெரியுது, சித்தப்பா சிட்அவுட் எங்க வரும்னு கையக் காட்டிப் பேச ஆரம்பிச்சிட்டாரு. நான் பட்டாவைக் கேட்டேன். கூட்டுப் பட்டா. மூணு ஏக்கர், ஏழு பேர் பேரு, அதுல ரெண்டு பேரு எப்பவோ காலமாயிட்டாங்க. அந்த 20 சென்ட் எதுன்னு எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதாவது சர்வே வரைபடத்துல கேட்டா தனியா உட்பிரிவே இல்ல, "அந்த சில்வர் ஓக் மரத்துல இருந்து இந்தப் பாறை வரைக்கும் சார்"ங்கறாரு புரோக்கர். பத்திரத்துல பிரிபடாத பாகம்னு போட்டு எழுதிக் குடுப்பாங்களாம். அப்ப நாளைக்கு பாறைக்கு இந்தப் பக்கம் யாருதுன்னு சண்டை வந்தா?

சரி, பட்டாவே சுத்தமா இருக்குன்னு வச்சுக்குவோம். கீழ நாட்டுல நிலம் வாங்கினா வீடு கட்டற உரிமையும் கூடவே வந்துரும்னு ஒரு நெனப்பு. இங்க நிலம் வேற, கட்டற உரிமை வேற. 1993லயே மலை ஊர்களுக்குன்னு தனிக் கட்டட விதி வந்திருச்சு, 7 மீட்டர் உயரத்துக்கு மேல எழுப்ப முடியாது. கிராமம் ஹாகா லிஸ்ட்ல, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும லிஸ்ட்ல இருந்துச்சுன்னா வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறைன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் தடையின்மைச் சான்று வாங்கணும், சரிவு ரொம்ப செங்குத்தா இருந்தா அங்கயே முடிஞ்சிரும். பொக்லைன் வச்சு மண்ணு வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும், போர்வெல் போடறதுக்கும் கட்டுப்பாடு. இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்க 2009 நவம்பர நெனச்சுப் பாக்கணும், குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. புரோக்கர் இதுக்கெல்லாம் வச்சிருந்த பதில் ஒண்ணுதான், "பண்ணிக்கலாம் சார், ஆள் இருக்கு." அந்த வார்த்தை வந்தாலே நான் வண்டியத் திருப்பிருவேன்.

இன்னொண்ணு, இதவிட சல்லிசா கூடலூர், பந்தலூர் பக்கம் ஏக்கர் கணக்குல இருக்குன்னு யாராச்சும் சொன்னா கை வைக்கறதுக்கு முன்னாடி "செக்ஷன் 17 நிலமா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஜமீன் மாதிரி இருந்த ஜென்மி நிலங்கள அரசு எடுத்துக்கிட்ட 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்துல மாட்டிட்டு இருக்கிற நிலம் அது, தலைமுறையா அங்க குடியிருக்கறவங்களுக்கே பட்டா இல்லாம இழுத்துட்டு இருக்கு, நீங்க புதுசா போயி என்ன பண்ணப் போறீங்க. மசினகுடி பக்கம்னா யானை வழித்தடம், அதுல ரிசார்ட்டுகளுக்கு எதிரா 2020ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு குடுத்திருச்சு. டிசி நிலம் (பட்டியல் சாதிக்காரங்களுக்குன்னு அரசு குடுத்தது), நிபந்தனைப் பட்டா (அரசு நிபந்தனை போட்டுக் குடுத்தது) இதெல்லாம் வருவாய்த்துறையோட ஏ ரிஜிஸ்டர்லயே தெரிஞ்சிரும், தாலுகா ஆபீஸ் ஒருதடவ போய்ட்டு வர்ற அலுப்புதான்.

ஃபிளாட்டப் பத்தி அவ்வளவா சொல்ல ஒண்ணுமில்ல. பேப்பர் விஷயத்துல மூணுல சுலபமானது அதுதான், பேங்க் லோனும் கெடைக்கும். பில்டர் கிட்ட முதல் ஆளா வாங்கினா பத்திரச் செலவும் கம்மி, 2023 டிசம்பர்ல இருந்து 50 லட்சம் வரைக்கும் 4 சதவீதம் முத்திரைத்தாள், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 5, கூட 2 சதவீதம் பதிவுக் கட்டணம். காலி நிலம், பழைய வீடுன்னா 7ம் 2ம் சேத்து 9 ஆயிருது. ஆனா இந்தக் கட்டடத்துல மொத்தமே எட்டு வீடு. எட்டுக்குள்ள நிறுத்திட்டா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம் இல்ல, அதனாலதான் எட்டுன்னு எனக்கொரு சந்தேகம். அப்ரூவ்டு பிளானக் காட்டுங்கன்னு கேட்டு வாங்கி எண்ணிப் பாத்தேன், பிளான்லயும் எட்டுதான், நல்ல மனுஷன்.

சிக்கல் வேற இடத்துல இருந்துச்சு. ஊட்டி 2,240 மீட்டர், சித்தப்பாவுக்கு வீசிங் உண்டு. அதுவுமில்லாம ஊட்டி வீட்ட ஜூலைல பாக்கணும், குன்னூர் கோத்தகிரி வீட்ட நவம்பர்ல பாக்கணும், ஏன்னா அந்தப் பக்கம் தென்மேற்கு மழை, இந்தப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு. விக்கறவன் மே மாசத்துல ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கறப்பதான் காட்டுவான். ஜூலைல மறுபடி ஃபெர்ன்ஹில் போனோம், பூட்டியே கெடந்த அந்த ஃபிளாட்டத் தெறந்ததும் ஒரு வாடை, அலமாரிக்குள்ள தொங்கிட்டு இருந்த மாதிரிக்கு வச்ச துணித் திரைல பச்சையா பூஞ்சை. வருஷத்துல எட்டு மாசம் திருப்பூர்ல இருப்பேன்னு சொல்ற மனுஷனுக்கு இது சரிவராது. மேலயே குடியிருக்கறவங்களுக்குன்னா நான் ஃபிளாட்டையே சொல்லியிருப்பேன், இப்ப ஊட்டில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் வந்தாச்சு.

சித்தப்பாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்துச்சு, நாம இல்லாதப்ப ஹோம்ஸ்டேவா விட்டா வட்டி வந்துரும்னு. வீடுன்னு பிளான் வாங்கிட்டு ரூம் வாடகைக்கு விட்டா சீல் வைக்கறாங்க, பெர்மிட் தனியா வாங்கணும். 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற, அவரோட டிஎன் 39 காருக்கே எடுத்துட்டுதான் வரணும். அந்தக் கணக்கக் கழிச்சிட்டுதான் வீடு பாக்கணும்னு கறாரா சொல்லிட்டேன்.

இப்ப ஓட்டு வீடு. மங்களூர் ஓடு, மரத் தரை, மண்ணும் கல்லும் வச்ச ஒன்றரை அடிச் சுவரு, ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு. பாக்க ஒண்ணும் பிரமாதம் இல்ல, வியூன்னு பாத்தா பக்கத்து வீட்டு ஷீட்டுதான் தெரியும். ஆனா நகராட்சி ஒப்புதல் பிளான் இருக்கு, தனிப்பட்டா இருக்கு, தண்ணிக் கனெக்சன் இருக்கு. இங்க வீட்டு வரி ரசீதக் காட்டி "அப்ரூவல் இருக்கு சார்"னு சொல்லுவாங்க, வரி ரசீது அனுமதி ஆகாது, அனுமதியில்லாத வீட்டுக்கும் வரி போடுவாங்க. கைல பிளானோட ஒரு பழைய வீடு கெடைக்கறது இங்க சாதாரணம் இல்ல. பெரிய ரிப்பேருக்கும் பர்மிஷன் வாங்கணும்தான், இருந்தாலும் புதுசா கட்டறதுக்கும் இருக்கறதச் சரி பண்றதுக்கும் மலைல வித்தியாசம் ரொம்ப.

நவம்பர்ல மழை விடாம மூணாவது நாள் பெஞ்சிட்டு இருக்கறப்ப போனோம். வீட்டுக்காரம்மா "இப்படியா மழைல வருவீங்க"ன்னு சிரிச்சாங்க. வீட்டுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி பத்தடி உயரத்துல தடுப்புச்சுவர், புதுசா வெள்ளை அடிச்சிருந்தாங்க. அந்தச் சுவத்துல தண்ணி வெளிய வர்றதுக்கு வரிசையா பைப் விட்டிருப்பாங்கல்ல, மொத்தம் பதினொண்ணு, அதுல எட்டை சிமெண்ட் வச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்கு, கசிஞ்சு கசிஞ்சு பாசி புடிக்குது, பாக்க அசிங்கமா இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம். தொறந்திருந்த மூணுல இருந்தும் செம்மண் கலந்த தண்ணி பீச்சி அடிக்குது, சுவத்து நடுவுல லேசா வயிறு தள்ளியிருக்கு. கைய வச்சுப் பாத்தா குளிர்ச்சியா அதிர்ற மாதிரி எனக்கொரு நெனப்பு, அது பயத்துலகூட இருக்கலாம். தண்ணிக்கு வழி விட்டா சுவரு நிக்கும், வழிய அடைச்சா மலையே வந்து சாயும், இது இங்க சின்னப் பையனுக்கும் தெரியும். கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து எட்டையும் உடைச்சுத் தெறக்க, வயிறு தள்ளின பாகத்தப் பிரிச்சுக் கட்ட என்ன ஆகும்னு கணக்குப் போட்டு அதை அப்படியே வெலைல கொறைக்கச் சொன்னோம், அந்தம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. மே மாசம் பாத்திருந்தா வெள்ளைச் சுவரு அழகா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருப்போம்.

ரோட்டுல இருந்து வீட்டுக்கு 62 படி எறக்கம். சிலிண்டர் தூக்கறவருக்குப் படிக்காசு தனி, ரிப்பேருக்கு வர்ற ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் தலைச்சுமைதான். சித்தப்பா முழங்கால நெனச்சா இது எனக்கும் உறுத்துது. காடுன்னா கார் உள்ள வரைக்கும் போகும், ஃபிளாட்லயும் வாசல் வரைக்கும், அந்த ஒரு விஷயத்துல ஓட்டு வீடு தோத்துப் போச்சு, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

விக்கறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை, ஏன்னா எங்கம்மா வீட்டுல நாங்க பட்டது அப்படி. ஆள் வந்தாச்சு, அட்வான்ஸும் வாங்கியாச்சு, அதுக்கப்புறம் வாங்கறவரோட பேங்க் வக்கீல் பாத்துச் சொல்றாரு பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்குன்னு. வாரிசுச் சான்று, பெங்களூர்ல இருக்கற அக்கா கையெழுத்துன்னு அஞ்சு மாசம் ஓடிருச்சு, நடுவுல பின்னாடி இழுத்துக் கட்டின சமையக்கட்டு பிளான்ல இல்லன்னு வெலையையும் இறக்கினாரு, தப்பு எங்க பேர்லங்கறதால வாயத் தெறக்க முடியல. போர்டு வைக்கறதுக்கு முன்னாடியே பட்டாவ மாத்திருங்க, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் எடுத்து நீங்களே ஒருதடவ படிச்சிருங்க. 50 லட்சமும் அதுக்கு மேலயும்னா வாங்கறவரு 1 சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரிக்குப் புடிச்சிட்டுதான் குடுப்பாரு, பணம் கொறையுதுன்னு சண்டைக்குப் போகாதீங்க. பூர்வீக வீடுன்னா லாபத்துக்கு வரி போடறப்ப 2001 ஏப்ரல் 1 மதிப்ப எடுத்துக்கலாம், ஒரு ஆடிட்டருக்கு குடுக்கற ஃபீஸ் வீண் போகாது.

சித்தப்பா கதை இப்ப எங்க நிக்குதுன்னா, தாய்ப் பத்திரத்தப் படிக்கறப்ப அந்த 62 படில கடைசி 14 படி பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துல இருக்கறது தெரிஞ்சுது. அம்பது வருஷமா எல்லாரும் நடக்கறாங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, ஆனா பத்திரத்துல வழிப் பாத்தியம்னு ஒரு வரி கெடையாது. "நடந்துட்டுதான இருக்காங்க கண்ணு, இதுக்கு எதுக்குப் பத்திரம்"னாரு சித்தப்பா. பக்கத்து வீட்டுக்காரர் பையன் கோயம்புத்தூர்ல இருக்கான், நாளைக்கு அவன் கேட் போட்டுட்டா நீங்க ஹெலிகாப்டர்லயா எறங்குவீங்கன்னு கேட்டேன். பெரியவரு கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டாரு, பொங்கலுக்கு பையன் வரட்டும், அவனும் சேந்து போடட்டும்னு இருக்கோம். அது ரிஜிஸ்டர் ஆயி கைக்கு வந்தப்புறம்தான் அட்வான்ஸ். அதுவரைக்கும் சித்தப்பா திருப்பூர்ல மாடிப்படி ஏறி எறங்கிப் பழகிட்டு இருக்காரு.