மார்பில் கட்டும் பேபி கேரியர்: ஐந்து மாதம் சுமந்த அப்பாவின் அனுபவம்

மனைவிக்காக வாங்கியது இது. மகள் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து அதிகம் கட்டிக்கொண்டது நான்தான்.

இடுப்புப்பட்டை நல்ல அகலம். எடை தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்குவதால் ஒரு மணி நேரம் நடந்தாலும் முதுகு வலிப்பதில்லை. குழந்தையின் முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, கால் தவளைபோல் விரிந்து அமர்கிறது. இடுப்பு மூட்டுக்கு அதுதான் சரி. முகம் என் கண்ணில் படுகிறதா, தாடை நெஞ்சில் மடங்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவேன்.

பெரிய குறை முதுகுக் கொக்கி. தனியாளாக மாட்ட முடியவில்லை. மனைவி தூங்கட்டும் என்றுதானே கட்டுகிறேன், கொக்கி மாட்ட அவளையே எப்படி எழுப்புவது? அப்புறம்தான் பிடிபட்டது: வாரை நன்றாகத் தளர்த்தி, பிடரிக்குப் பக்கத்தில் கொக்கியை மாட்டிவிட்டு இழுத்தால் தானாகக் கீழே இறங்கிவிடும். கையேட்டில் இது இல்லை. அதில் இருக்கும் படங்கள் அத்தனையிலும் அம்மாதான்.

அந்தப் படங்கள் எனக்கு உறுத்தின. உளவியலும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி தந்த அறிக்கை தாயையே மையமாக வைத்தது. 1975இல்தான் உளவியலாளர் மைக்கேல் லாம்ப், குழந்தை வளர்ச்சியில் மறக்கப்பட்ட பங்காளிகள் என்று அப்பாக்களைப் பற்றி எழுதினார். 2011இல் பிலிப்பைன்ஸில் 624 ஆண்களை வைத்து வெளியான ஆய்வில், அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கியிருந்தது. தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவு. பிள்ளையைச் சுமந்தால் அப்பாவின் உடம்பும் மாறும் என்பதை நான் நம்புகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மகள் அழுகை ஓய்ந்து, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, என் பனியனைக் கொத்தாகப் பிடித்தபடி தூங்கும்போது என் மூச்சும் அவள் மூச்சோடு இறங்கிவிடும்.

துணி கெட்டி, துவைத்தால் காய நேரமாகிறது. எச்சில் படும் வாருக்கு மேல் ஒரு துண்டு சுற்றிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். சின்ன வயதில் அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவே இல்லை. கொக்கியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எனக்கும் ஒரு தடவை கட்டிவிடுப்பா" என்றார். கட்டிவிட்டேன். அவருக்கு வாரை இரண்டு விரற்கடை இறுக்க வேண்டியிருந்தது.