ஐகரா, ட்ருவா, பாடிலேயா: கல் விழும் சுவர்களில் எது தேவலை?

ஆல்ப்ஸின் பெரிய பாறைச் சுவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே திட்டு வாங்குவது ஐகர் வடமுகம்தான். உதிரும் சுண்ணாம்புப் பாறை, தலைக்கு மேல் எப்போதும் கல். அதற்கு எதிராகக் காட்டப்படுவது கிரானைட் சுவர்கள்: மோன் ப்ளாங் பகுதியில் பெட்டி ட்ரு, சுவிஸ்-இத்தாலி எல்லையில் பிட்ஸ் பாடிலே. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாறை, நம்பிக் கை வைக்கலாம் என்பார்கள். கல் ஆபத்தை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால் என் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஐகரின் வடமுகம் சுமார் 1,800 மீட்டர் உயரம். அடுக்கடுக்கான பாறை, ஓட்டுக் கூரை மாதிரி வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும் இடங்கள் நிறைய. கால் வைக்க இடம் இருக்கும், கைக்குப் பிடி இருக்காது. விரிசல்கள் ஆழமில்லாததால் ஆணி அடித்தாலும் பாதிதான் இறங்கும். பிடியை முதலில் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் விட்டுவிட வேண்டும். வேறு வழியில்லை என்றால் கீழ்நோக்கி அழுத்தலாம், வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது. முன்னால் ஏறுபவரின் கயிறே உரசிக் கற்களைத் தள்ளிவிடும். அதனால் கீழே கயிறு பிடிப்பவர் நேர்கோட்டில் நிற்காமல் ஓரமாக, முடிந்தால் ஒரு பாறைத் துருத்தலுக்கு அடியில் ஒதுங்கி நிற்பார்.

1936இல் வந்த நால்வரில் வில்லி அங்கரரின் தலையில் கல் பட்டது. பிறகு குழு பின்வாங்கியது. மேலே ஏறும்போது, குழுவில் ஒருவரான ஹின்டர்ஷ்டாய்சர் கடந்த குறுக்குப் பாதையில் கயிற்றை விட்டுவைக்காமல் உருவிக்கொண்டு வந்திருந்தார்கள். திரும்பும்போது பாறையில் பனிக்கட்டி படிந்து அந்த வழி அடைந்துவிட்டது. நால்வரும் இறந்தார்கள். 1938 ஜூலையில் ஹெக்மையர், ஃபெர்க், ஹாரர், காஸ்பரெக் நால்வரும் முதன்முதலாக இந்தச் சுவர் வழியே உச்சியைத் தொட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஐகரின் ஆபத்துக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. இரவில் உறைபனி கற்களைப் பிடித்துவைத்திருக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் வெயில் சுவரின் மேல்பகுதியைத் தொடும். ‘வெள்ளைச் சிலந்தி’ எனப்படும் பனித்தளம் புனல் போல அமைந்திருப்பதால் மேலே இளகியதெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கும். ஆகவே சிலந்திக்குக் கீழே இருக்கும் இரண்டாம் பனித்தளத்தை விடிவதற்குள் கடந்துவிடு என்பது பழைய பாடம். இப்போது கோடையில் அந்தப் பனித்தளமே சுருங்கி, சல்லியும் வெறும் பாறையுமாகக் கிடக்கிறது. அதனால் பெரும்பாலானோர் குளிர்காலக் கடைசியிலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ ஏறுகிறார்கள். குளிர் வாட்டும், பகல் குறைவு. ஆனால் கல் அடங்கியிருக்கும். 1961 மார்ச்சிலேயே முதல் குளிர்கால ஏற்றம் நடந்துவிட்டது. அன்று அது சாகசம், இன்று அதுதான் புத்திசாலித்தனம்.

ட்ரு கதை வேறு. 1955 ஆகஸ்டில் வால்டர் பொனாட்டி அதன் தென்மேற்குத் தூணில் தனியாக ஏறினார், ஆறு நாள். ஓரிடத்தில் மேலே போக வழியே இல்லை. கயிற்றின் நுனியில் முடிச்சுகள் போட்டு, எட்ட இருந்த பாறைச் செதில்களை நோக்கித் திரும்பத் திரும்ப வீசினார். எங்கோ மாட்டியது. எவ்வளவு தாங்கும் என்று தெரியாமலே அதில் தொங்கி அந்தப் பக்கம் போனார். அந்தத் தூணில் பெரும்பகுதி இன்று இல்லை. 2005 ஜூனில் சுமார் 2,65,000 கன மீட்டர் பாறை ஒரே மூச்சில் பெயர்ந்து விழுந்தது. அதற்கு முன் 1950, 1997. பின்னால் 2011இலும் சரிந்தது. விழுந்த இடம் இன்னும் வெளிர் சாம்பல் தழும்பாகத் தெரிகிறது.

காரணம் பாறைக்கு உள்ளே. ஆழமான விரிசல்களை நிரப்பியிருக்கும் நிரந்தர உறைபனிதான் அந்தப் பாளங்களைப் பிணைத்துவைத்திருந்தது. அது முழுதும் உருக வேண்டும் என்றுகூட இல்லை. பூஜ்ய டிகிரியை நெருங்கும்போதே பிடி தளர ஆரம்பித்துவிடும். மேலே கை வைக்கிற பாறை கெட்டியாகத்தான் இருக்கும், தட்டினால் கணீரென்றுதான் சொல்லும். இங்கே தட்டிப் பார்ப்பதால் பிரயோசனம் இல்லை. ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாடிலே இரண்டுக்கும் நடுவே. 1937 ஜூலையில் ரிக்கார்டோ காஸின் குழு திறந்த வடகிழக்குப் பாதையின் பாறை மூன்றிலும் அருமையானது. (அந்தப் பயணத்தில் மோல்டெனியும் வால்செக்கியும் இறந்தது புயலாலும் களைப்பாலும்.) பிரச்சினை பக்கத்து மலை. 2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ் செங்காலோவில் சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்தது. கீழே பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் இறந்தார்கள், சேறும் கல்லுமாக வெள்ளம் போண்டோ கிராமம் வரை போனது. பாடிலேக்குப் போகிறவர் தன் சுவரைப் பார்த்தால் போதாது. அணுகும் பாதையில் எது திறந்திருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும். ஏறுகிறவர்கள் பலர் இதைத்தான் கடைசியாகக் கேட்கிறார்கள்.

மேட்டர்ஹார்னையும் சேர்க்கலாமே என்பீர்கள். 2003 வெப்ப அலையில் அதன் ஹோர்ன்லி முகட்டிலும் பாறை பெயர்ந்தது. ஆனால் அது முகட்டு வழி, சுவர் கணக்கில் சேராது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பனியிலும் பாறையிலும் கலந்து ஏறத் தெரிந்தவருக்கு மார்ச் மாத ஐகர். பாறை மட்டும் போதும் என்பவருக்கு பாடிலே: குளிர்ந்த இரவுக்குப் பிறகு விடிகாலையில், செங்காலோ பக்கத்து வழியைத் தவிர்த்து. ட்ருவின் மேற்கு முகத்தில் 2021 குளிர்காலத்தில் பிரெஞ்சு ராணுவ மலையேற்றக் குழு புதிய பாதை போட்டது. அவர்களும் உறைபனிக் காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கோடையில் அந்தப் பக்கம் போகிறேன் என்று யாராவது சொன்னால், ட்ருவுக்கு எதிரே உள்ள மோன்டன்வெர் ரயில் நிலையத்திலிருந்தே அது நன்றாகத் தெரியும் என்பேன்.