கூரைக்குள் பதிக்கும் விளக்குகள்: பேனலா, சி.ஓ.பி.யா, பல்பு மாற்றும் ஃபிட்டிங்கா?

பெங்களூரு ஜீவன்பீமா நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒன்றரை ஆண்டுக்கு முன்பு புதுப்பித்தோம். தரைக்கும் சமையலறை மேடைக்கும் ஆன யோசனையைவிடக் கூரை விளக்குகளுக்கு ஆன யோசனையே எனக்கு அதிகம். இதே வீட்டின் கூடத்தில் முன்பு எட்டு வட்டப் பேனல் லைட்டுகள், ஒவ்வொன்றும் 12 வாட், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் பதித்திருந்தோம். நான்காம் ஆண்டின் ஏப்ரல் இடிமழையில் ஒன்று அணைந்தது. அதற்கு மாற்று தேடி எஸ்.பி. ரோட்டில் ஏழெட்டுக் கடைகள் ஏறி இறங்கியபோதுதான், விளக்கு வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி எனக்கு விளங்கியது: இது கெட்டால் இதே துளைக்குள் எது பொருந்தும்?

இன்று கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைகளைக் காட்டுகிறார்கள். மெல்லிய பேனல் லைட், ஒரே புள்ளியிலிருந்து அடர்ந்த ஒளி தரும் சி.ஓ.பி. டவுன்லைட், பல்பைக் கழற்றி மாற்றக்கூடிய ஜி.யு.10 ஃபிட்டிங். சி.எஃப்.எல். காலத்து ஆறங்குலக் குழி ஃபிட்டிங்குகளை இப்போது புதிதாகப் பதிக்க எந்தக் காரணமும் இல்லை. மின்சாரச் செலவிலும் மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை, மூன்றும் எல்.இ.டி.தான். ஒளியின் நிறத்தையும் எந்த வகையிலும் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் கண்ணுக்குப் படுக்கையறையில் மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வினும் கூடத்தில் அதைவிட வெண்மையான 4000 கெல்வினும் இதமாக இருக்கின்றன.

பேனல் லைட்டின் நன்மை பெரியது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை அங்குல ஆழம் இருந்தாலே பதித்துவிடலாம். ஒளி ஏறக்குறைய 120 டிகிரிக்கு விரிவதால் அறை முழுவதும் சீராக வெளிச்சம் பரவும். சுவர் மூலைகள் இருண்டு கிடக்காது. கூரை தாழ்ந்த பழைய அடுக்ககங்களில், ஃபால்ஸ் சீலிங்குக்கு நான்கு அங்குலம்கூட ஒதுக்க முடியாதவர்களுக்கு, இதைவிட்டால் வழி குறைவு.

சி.ஓ.பி. விளக்கு பார்வைக்கு அழகானது. சுவரில் மாட்டிய படத்துக்கோ பூஜை மாடத்துக்கோ அதன் ஒளி எடுப்பாக இருக்கும். ஆனால் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமுள்ள வீட்டில் அது கண்ணைக் கூசச் செய்யும். மாதிரிக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தபோது, “படுத்தா கண்ணுல ஊசி குத்துற மாதிரி இருக்குப்பா” என்றார் அம்மா. விளக்குமுகம் உள்ளடங்கி இருக்கும் ஆழமான வகையை வாங்கினால் இந்தக் கூச்சம் குறையும். எங்கள் வீட்டில் பூஜை மாடத்துக்கு மேல் அப்படி ஒன்று மட்டும் இருக்கிறது. ஒற்றை விளக்கை வைத்து அந்த வகை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

என் முடிவைத் தீர்மானித்தது பழுதுபார்ப்பு. பேனலிலும் சி.ஓ.பி.யிலும் எல்.இ.டி. சில்லுகள் உடம்போடு பிணைந்தவை. அவற்றுக்கு மின்சாரம் தருவது டிரைவர் என்னும் சிறு பெட்டி. விளக்கு அணைந்தால் பல நேரம் கெட்டிருப்பது இந்த டிரைவர்தான். அதற்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கி (கெபாசிட்டர்) வெப்பத்தில் உலர்ந்துபோகும். அதன் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. வெயில் ஏறிய கான்கிரீட் தளத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையில் காற்றோட்டமின்றிக் கிடக்கும் டிரைவரின் நிலை என்ன என்று மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் அதன் மேல் அச்சிட்ட மில்லி ஆம்பியரும் வோல்ட் வரம்பும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 300 மில்லி ஆம்பியர் விளக்குக்குக் கூடுதல் மின்னோட்டம் தரும் டிரைவரை மாட்டினால் சில்லுகள் சூடேறி விரைவில் மங்கும். எங்கள் முதல் விளக்கை அப்படி டிரைவர் மாற்றியே மீட்டோம்.

அடுத்த ஆண்டு இரண்டாவது விளக்கில் சில்லுகளே போய்விட்டன. அந்த மாதிரியின் தயாரிப்பு அதற்குள் நின்றிருந்தது. அதே 12 வாட், அதே வட்டம் என்று வாங்கி வந்த புதிய பேனலுக்கு வேண்டிய துளை, எங்கள் கூரையில் இருந்ததைவிடச் சில மில்லிமீட்டர் சிறியது. ஸ்பிரிங் பிடிக்க இடமில்லாமல் விளக்கு தொங்கியது. துளையைப் பெரிதாக்குவது தூசி பறந்தாலும் ஒரு மணி நேர வேலை. சிறிதாக்குவதோ ஒட்டுப் போட்டு, பட்டி பார்த்து, கூரை முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலை. ஒரு விளக்குக்காக அதைச் செய்ய மனமின்றி எட்டையும் கழற்றினோம். நன்றாக எரிந்துகொண்டிருந்த ஏழு விளக்குகளை அட்டைப்பெட்டியில் போட்டபோது உண்மையிலேயே வருந்தினேன்.

ஜி.யு.10 ஃபிட்டிங்கில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கூரையில் நிலைத்திருப்பது ஒரு வளையமும் ஹோல்டரும் மட்டுமே. வழக்கமான பல்பின் முகம் 50 மி.மீ., அதன் இரண்டு கால்களுக்கு இடையே 10 மி.மீ.; எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது, ஹாலஜன் காலத்திலிருந்து நிலைத்த அளவு இது. 230 வோல்ட்டில் நேரடியாக எரிவதால் தனி டிரைவரும் இல்லை. மின்பலகையில் உள்ள எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பைத் திருகிக் கழற்றிப் புதியதைப் போடலாம். இரண்டு மாதங்களுக்கு முன் ஒன்று அணைந்தபோது என் மகளே மாற்றினாள், எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்கவில்லை.

குறைகளும் உண்டு. பல்பும் ஹோல்டரும் சேர்ந்து நான்கு அங்குல ஆழம் கேட்கின்றன. எங்கள் பல்புகளின் ஒளிக்கற்றை 36 டிகிரி. ஒன்பதடிக் கூரையிலிருந்து சாப்பாட்டு மேசை மட்டத்தில் விழும் ஒளிவட்டம் ஏறக்குறைய நான்கடிதான். ஆகவே ஒரு பேனல் இருந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு ஃபிட்டிங் பதிக்க வேண்டியிருந்தது. கூடத்தில் மட்டும் பதினான்கு. செலவும் கூடியது. ஹோல்டர் பீங்கானில் இருக்க வேண்டும், உலோக வளையமானால் எர்த் கம்பி வேண்டும் என்று நின்று பார்த்துச் செய்வித்தேன். பல்புக்குள்ளேயே சிறு டிரைவர் அடங்கியிருப்பதால் வெப்பம் அதையும் விடாது. ஒன்றரை ஆண்டில் பதினான்கில் ஒன்று போனதை வைத்து அதன் ஆயுளைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் நாங்கள் பொருத்தவில்லை. பொருத்த நினைப்பவர்கள் டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் குறித்த பல்பையே வாங்க வேண்டும்.

காய் நறுக்கும் மேடையில் நிழல் விழக் கூடாது என்பதால் சமையலறைக்கு மட்டும் பேனலையே மறுபடி தேர்ந்தோம். ஆனால் துளைக்குள் பதியும் வகையை வாங்கவில்லை. கூரையின் மேற்பரப்பில் திருகாணியால் பொருத்தும் வகையை வாங்கினோம். நாளை வேறு அளவில் ஒன்று வந்தாலும் இரண்டு திருகாணித் துளைகளை அடைத்தால் போதும். கூடத்துக்கு வாங்கிய அதே பெட்டியிலிருந்து நான்கு பல்புகளை, நிறம் வேறுபடாமல் இருக்கட்டும் என்று, எடுத்து வைத்திருந்தோம். இப்போது மூன்று மீதம் இருக்கின்றன. ஃபிட்டிங்கின் துளை அளவான 75 மி.மீ. என்பதை மின்பலகைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.