பூட் வரிசையை மாற்றுவதா, ஒருமுறை மெனுவா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்ற இரண்டு வழி உண்டு. பயாசுக்குள் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) போய், பூட் வரிசையில், அதாவது எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பட்டியலில், யூஎஸ்பியை முதலில் வைத்துச் சேமிப்பது ஒன்று. பவர் போட்டதும் விசையைத் தட்டி, வரும் மெனுவில் அந்த ஒரு தடவைக்கு மட்டும் பென்டிரைவைக் காட்டுவது இன்னொன்று: டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9.

என் ஓட்டு இரண்டாவதற்கே. வரிசையை மாற்றினால், இடையில் ரீஸ்டார்ட் ஆகும்போது நிறுவல் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புக் குறியீடு வேறு கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் தலைவலிதான். ஏசர் என்றால் ஒரு சங்கடம். பல மாடல்களில் எஃப்12 மெனு அணைத்தே இருக்கும், எஃப்2 தட்டி பயாசில் அதை இயக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது, அங்கே எல்லாக் கணினியும் நெட்வொர்க்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்றால், சரி, முதல் வழிதான். தினமும் யார் விசை தட்டிக்கொண்டிருப்பது?