திருவொற்றியூரா, பெரும்பாக்கமா: வாடகைக்கு விட எங்கே வாங்கலாம்?

கையில் 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது, சென்னையில் வாடகைக்கு விட ஒரு ஃபிளாட் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "மேலே 25 லட்சம் லோன் போட்டுத் தெற்கே பெரும்பாக்கத்துல புதுசா வாங்கு" என்பார்கள் சொந்தக்காரர்கள். வடசென்னையில் இருக்கிற திருவொற்றியூர் என்று வாயெடுத்தாலே "அங்கேயா?" என்று முகம் சுளிப்பார்கள். நான் திருவொற்றியூருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் அங்கே எல்லாத் தெருவுக்கும் இல்லை.

ஒரு உத்தேசக் கணக்கு. திருவொற்றியூரில் 40 லட்சத்துப் பழைய ஃபிளாட்டுக்கு மாதம் 12,000 வந்தால் வருடத்துக்கு 1.44 லட்சம், போட்ட பணத்தில் 3.6 சதவீதம். பெரும்பாக்கத்தில் 65 லட்சத்துக்கு 18,000 என்றால் 3.3 சதவீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 25 லட்சக் கடனுக்கு 8 சதவீத வட்டி என்றாலே முதல் வருடம் ஏறக்குறைய 2 லட்சம். வருகிற வாடகை 2.16 லட்சமும் வங்கிக்கே போய்விடும். பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்பதையும் மறக்க வேண்டாம். 40 லட்சத்துக்கு அது 3.6 லட்சம், அதாவது இரண்டரை வருட வாடகை. நாலைந்து வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

"அங்கே யார் குடி வருவார்கள்?" என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போயிருக்க மாட்டார்கள். துறைமுகம், மணலி ஆலைகள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பாரிமுனைக் கடைகள் என்று பிழைப்பு அந்தப் பக்கமே இருக்கிற குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகராது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு அண்ணா சாலையில் வேலை பார்ப்பவர்களும் இங்கே குடியிருக்க முடிகிறது. பெரும்பாக்கம் பக்கம் பெரும்பாலும் ஐ.டி. ஆட்களை நம்பிய வாடகை. 2020 ஊரடங்கில் அவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பியதும் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) நெடுக டு-லெட் பலகை தொங்கியது.

வெள்ளம் என்று பார்த்தால் "நல்ல ஏரியா" என்ற பேச்சே எடுபடாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீர் தேங்குவதற்கென்றே இருந்த அந்தத் தாழ்நிலத்தின் ஓரத்தில்தான் பெரும்பாக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடக்கேயும் நிம்மதி இல்லை. அதே வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது, அந்த மாதக் கடைசியிலேயே எண்ணூர் உர ஆலையில் அமோனியாவும் கசிந்தது. அங்கே காலங்காலமாக வாழ்கிறவர்களுக்கு இது பெரிய அநியாயம். வாடகை மலிவு என்பதற்காக இன்னொரு குடும்பத்தை அந்தக் காற்றில் குடிவைக்க எனக்கு மனசு வராது. அதனால் எர்ணாவூர் தாண்டி வடக்கே போக வேண்டாம். தேரடி, காலடிப்பேட்டை மெட்ரோ நிலையங்களிலிருந்து நடக்கிற தூரத்தில் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது புரோக்கர் ஹாலைத்தான் காட்டுவார். நீங்கள் பால்கனிக்குப் போய் சன்ஷேட் அடியில் அண்ணாந்து பாருங்கள். கடல் உப்புக்காற்றில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் செலவு பெரிது, அசோசியேஷனில் காசு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். ஜன்னல் கிரில்லில் விரலை ஓட்டிப் பாருங்கள், கரி ஒட்டுகிறதா என்று. ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை போய், மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் நாற்றம் வருகிறதா என்று நின்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பத்திரம். திருவொற்றியூரில் கோயில் நிலம் நிறைய. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. தாய்ப்பத்திரமும் (சொத்து முன்பு கைமாறி வந்த மூலப் பத்திரம்) பட்டாவும் வக்கீல் கையில் போகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பத்து வருடம் கழித்து நீங்களே குடிபோகப் போகிறீர்கள், பிள்ளைக்கு வேலையும் அந்தப் பக்கம்தான் என்றால் பெரும்பாக்கம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. தரைத்தளம் மட்டும் வேண்டாம்.