மதுரை வெயிலுக்குக் கார்ன் ஸ்நேக்கா, பால் பைத்தானா?

பாம்புக் குட்டி வளர்க்க ஆசைப்பட்டு மதுரையில் விசாரிக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு வகையான பால் பைத்தான் (ball python; இந்தப் 'பால்' குடிக்கிற பால் இல்லை, பந்து). இரண்டுக்கும் விஷம் கிடையாது. நம்மூர் சாரையோ நல்ல பாம்போ இந்தப் போட்டியிலேயே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை அவை. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வைக்கோல் படப்பில் கிடைத்த முட்டையைக் கலைத்தாலே சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான்.

வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. எப்படிச் சூடேற்றுவது என்றே பக்கம் பக்கமாகப் போகும். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிறபோது நமக்கு வேண்டியது நேர்மாறானது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் எந்தக் குட்டியும் பிழைக்காது. தரைத்தள அறை, சுண்ணாம்பு அடித்த கூரை, ஓரளவு காற்றோட்டம் இருந்தால் பேசலாம்.

கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு முனை 29 டிகிரி, மறுமுனை 24 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். மார்கழியில் அது தானாகவே அமையும். சித்திரையில் குளிர்ந்த முனையை உண்டாக்குவதுதான் பெரும்பாடு. பால் பைத்தான் சூட்டை இன்னும் தாங்கும், 31, 32 டிகிரி அதற்குப் பிடித்தமானது. ஆனால் ஈரப்பதம் 60 சதவீதமாவது கேட்கும். கோடையில் நம் மதிய நேரக் காற்று வறண்டு கிடக்க, குட்டி சட்டையைத் துண்டு துண்டாக உரிக்கும். கண்மேல் படலம் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. மானாமதுரைக் கலயம் ஒன்றை வாங்கி, ஓரத்தில் குட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை வையுங்கள். இடுக்கான ஒளிவிடமும் ஆச்சு, ஈரமும் ஆச்சு. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

தீனி விஷயத்தில்தான் இரண்டும் நன்றாகப் பிரிகின்றன. பொரித்த கார்ன் குட்டி ஒரு பென்சிலைவிட ஒல்லி, எடை 5 முதல் 8 கிராம். முதல் சட்டை உரித்தபின், பிறந்து ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்றை ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தின்னும். சில குட்டிகளுக்கு எலி உணவாகவே தோன்றாது, பல்லி வாசம் வேண்டும். எலிக்குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, பலிக்கவும் செய்கிறது. ஆனால் சுவரில் பிடித்த பல்லியோடு ஒட்டுண்ணியும் வரும். உறையவைத்து எடுத்த பல்லி பரவாயில்லை. பழகிய பிறகு கார்ன் வைத்ததைத் தின்னும்.

பால் பைத்தான் குட்டி 50 கிராமுக்கு மேலேயே பிறக்கிறது. கண் திறக்கும் பருவத்து எலிக்குட்டியை முதல் வேளையே விழுங்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெட்டியை மாற்றினால் தின்னாது, அடிக்கடி கையில் எடுத்தால் தின்னாது, காரணமே இல்லாமலும் தின்னாது. வளர்ந்தது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் பெரிதாக இளைக்காது. குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. முதல் பாம்பாக வாங்குகிறவருக்கு இந்தக் காத்திருப்பு பைத்தியம் பிடிக்க வைக்கும். ஒற்றைக் குட்டி வளர்க்கத்தான் ஆசை என்றால் என் ஓட்டு கார்னுக்கு. ஆனால் மூடியில் கொக்கி வேண்டும். சுண்டுவிரல் நுழையாத இடுக்கிலும் அது நழுவிவிடும். தெருவில் இறங்கிவிட்டால் விஷமில்லை என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் யாராவது கம்பை எடுத்திருப்பார்கள்.

முட்டை பொரிக்க வைப்பது என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கார்ன் ஒரு ஈட்டில் 10 முதல் 30 வரை இடும். 27, 28 டிகிரியில் சுமார் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நம் கோடையில் விழும். முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 34 டிகிரி இருந்தால் முதுகு வளைந்த குட்டிகள் வரும், அல்லது ஒன்றுமே வராது. பால் பைத்தான் முட்டைக்கு வேண்டியதோ 31, 32 டிகிரி. தரைத்தள அறையில் ஒரு தெர்மோகோல் பெட்டி கிட்டத்தட்ட அந்த அளவிலேயே நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளிலும் பெரிதாக இறங்காது. 4 முதல் 10 முட்டைதான் என்பதால் தீனிச் செலவும் கைக்குள் அடங்கும். இருபது கார்ன் குட்டிக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி எலிக்குஞ்சு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: கோழிமுட்டை மாதிரி உருட்டக் கூடாது. கரு ஓட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, அப்படியே வைக்க வேண்டும். ஓட்டைக் கீறித் தலை நீட்டிய குட்டி, மஞ்சள் கருவை உறிஞ்சியபடி ஒரு நாள், ஒன்றரை நாள் உள்ளேயே இருக்கும். இழுக்காதீர்கள்.

நிறத்துக்காக அதிக விலை சொல்லும் பால் பைத்தான் வகைகளில் 'ஸ்பைடர்' என்பதை மட்டும் தவிர்த்துவிடலாம். அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் நிலை தடுமாற்றமும் சேர்ந்தே வருகின்றன. ஆயுளையும் யோசித்துக்கொள்ளுங்கள். கார்ன் 15, 20 வருடம். பால் பைத்தானோ, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயது கடந்த ஒன்று 2020-ல் ஆண் துணையில்லாமலே 7 முட்டை இட்டது.

காகித விஷயம் கார்னுக்குச் சாதகம். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருப்பதால், 2022 திருத்தத்துக்குப்பின் நம் வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 விதிகளின்படி வைத்திருப்பது, குட்டி பொரித்தது, செத்தது, கைமாறியது எல்லாவற்றையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கார்ன் அந்தப் பட்டியலில் இல்லை. என்றாலும் உரிமத்தோடு இறக்குமதியான வழியில் வந்தது என்பதற்கு ரசீது வாங்கி வையுங்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டன. அந்த வழியில் வரும் குட்டிகளும் கைமாறி நம்மூர் வரை வரக்கூடும். பதிவைக் கேட்டதும் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று ஒருவர் சொன்னால், பெட்டியைத் திறக்கக்கூடச் சொல்லாமல் கிளம்பிவிடுங்கள்.